சத்தம் கேட்காத வளைகாப்பு

குடியாத்தத்தில் அரைக் கிலோ கறி வாங்கினால், அது வேகுமுன் மூன்று பேராவது "வீட்டுக்கு யாரு வந்திருக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். இந்தக் கேள்விக்குப் பயந்தே தணிகாசலம் ஊரைவிட்டு வந்தார் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றில் கிடைத்த ஸ்டோர் கீப்பர் வேலை.

1997இல், கல்யாணமான கையோடு பொம்மனஹள்ளியில் குடியேறினார். ஒரே வரிசையில் எட்டு வீடுகள், பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. சாமான் இறக்கும்போதே ஏழு வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். குடியாத்தமே அடுத்த லாரியில் வந்து இறங்கியதுபோல் இருந்தது அவருக்கு. அன்றே பக்கத்து வீட்டு யசோதாவிடம் குரலைத் தாழ்த்தி ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார்.

"என் சம்சாரத்துக்கு ஒத்தத் தலைவலிங்க. பேச்சு, சத்தம் எதுவும் ஆகாது."

பொய் அருமையாக வேலை செய்தது. இரண்டு வருடம் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. தண்ணீரைக்கூட விடியுமுன் அவரே பிடித்து வைத்துவிடுவார். அதனால் நல்ல கணவர் என்ற பெயரும் கிடைத்தது.

மனைவி வித்யாலட்சுமிதான் வாடிப்போனாள்.

"நம்ம வாசல்ல ஒரு கொழந்த நின்னாகூட வாயப் பொத்தி இழுத்துட்டுப் போறாங்க. நான் என்னங்க பாவம் பண்ணேன்?"

"சிட்டின்னா அப்படித்தான்" என்பார் தணிகாசலம், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அவள் உண்டாகி ஏழாம் மாதம் டாக்டரம்மா பஸ் பயணமே கூடாது என்றுவிட்டார். வளைகாப்பு இங்கேதான். ஊரிலிருந்து வரக்கூடியவர்கள் அவள் அம்மாவும் சித்தியும் மட்டும். வளையல் போட இன்னும் ஐந்து பெண்களாவது வேண்டும்.

"கூப்பிட அஞ்சு பேர் இல்லாத ஊர்ல என் புள்ள எதுக்கு வளரணும்?" என்றாள் வித்யாலட்சுமி. அவள் அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "கொழந்த பொறந்ததும் நான் குடியாத்தம் போயிடறேன். நீங்க இங்க நிம்மதியா இருங்க."

மறுநாள் தணிகாசலம் தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். விஷயத்தைக் கேட்ட யசோதாவுக்கு முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"அய்யோ சார், வளையல் சத்தம் ஆகுமே! பாவம், அவங்க தலைநோவுக்காக நான் மிக்ஸியையே பாத்ரூம்ல வெச்சு ஓட்டறேன். தீபாவளிக்குப் பசங்கள வெடி வெடிக்கப் பக்கத்து ரோட்டுக்கு அனுப்பிட்டோம். பரவால்ல, மெல்லமா வர்றோம்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். செருப்பை வாசலுக்கு எட்டவே கழற்றிவிட்டு, பூனை நடை நடந்து வந்தார்கள். கோடி வீட்டுச் சாந்தகுமாரி ஒரு வளையல்மேல் இன்னொன்று இடிக்காமல், கண்ணாடி டம்ளரை அடுக்குவதுபோல் போட்டாள். பாட்டு இல்லை, கேலி இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட இதைவிடக் கொஞ்சம் பேசுவார்கள். ஊரிலிருந்து வந்த சித்தி, "இந்த ஊர்ல வளைகாப்புன்னா இப்படித்தானா?" என்று அம்மாவின் காதைக் கடித்தாள்.

வித்யாலட்சுமி குனிந்து வளையல்களையே பார்த்தாள். கூப்பிட்டும் சிரிக்காத ஜனங்கள்! அவள் பார்வை பரணில் இருந்த பெட்டிக்குப் போனதைத் தணிகாசலம் பார்த்துவிட்டார்.

"அவளுக்குத் தலைவலியே கிடையாதுங்க" என்றார் சத்தமாக. "நான்தான் பொய் சொன்னேன். யாரும் வந்துடக் கூடாதுன்னு."

வித்யாலட்சுமி ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா எனக்காகவா வாய மூடிட்டிருந்தீங்க?"

"பின்னே? மிக்ஸிய பாத்ரூம்ல வெச்சு சட்னி அரைச்சது என்ன சும்மாவா?" என்ற யசோதா தணிகாசலத்திடம் திரும்பினாள். "சார், தலைநோவுன்னா என்னன்னு இனிமே உங்களுக்குக் காட்டறோம்!"

சாந்தகுமாரிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். வித்யாலட்சுமி இரண்டு கையையும் தூக்கி வளையல்களைக் குலுக்கினாள். வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் ஹோவென்று உள்ளே பாய்ந்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி உறுமியது. வித்யாலட்சுமி வீட்டில் இல்லை. தொட்டியடியில் அவள் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, துணைக்கு இரவில் யார், பகலில் யார் என்று முறை பிரித்துக்கொண்டிருந்தார்கள். குடியாத்தம் போகும் பேச்சே எழவில்லை.

கறி வாங்கப் பையுடன் புறப்பட்ட தணிகாசலத்தை யசோதா மறித்தாள்.

"என்ன சார், மாமியார் இருக்காங்கன்னு கறியா? எத்தன கிலோ?"

"ஒண்ணு" என்றார். நெற்றிப் பொட்டில் லேசாக வலித்தது. கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, "உங்களுக்கும் வாங்கியாரட்டுமா?" என்று கேட்டார்.