நேராக்கிக் கொடுத்த மவுத்பீஸ்

முகவாதம் வந்து என் வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு கிளாரினெட் ஊதவே வரவில்லை. உதட்டின் வலது பக்கம் பிடிமானம் இல்லாமல் காற்றெல்லாம் அந்த ஓரமாகக் கசிந்துவிடும். கள்ளிக்குப்பத்தில் நான் வாசிக்கும் பேண்டு செட்டின் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழம திருமுல்லைவாயில்ல கல்யாண ஊர்வலம் கீது. ஊத முடிஞ்சா வா. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

அதனால் வாயில் வைத்து ஊதும் முனையை, மவுத்பீஸை, என் கோணல் வாய்க்குத் தோதாக நானே தேய்த்தேன். கண்ணாடித் துண்டின்மேல் நைஸ் எமரித் தாள், அதன்மேல் கெட்டி ரப்பர் மவுத்பீஸ், அவ்வளவுதான் பட்டறை. நாணல் பட்டை உட்காரும் முகம் அடியில் தட்டையாக இருக்க வேண்டும். நுனிப்பக்கம் போகப்போக மெல்ல வளைந்து விலக வேண்டும். அந்தச் சந்தில்தான் பட்டை அதிர்ந்து சத்தம் பிறக்கும். கொஞ்சம் தேய்ப்பது, ஊதிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. ஒரு இழுப்பு கூடினால் போச்சு. என் செத்த உதட்டுக்காக வலது ஓரத்தில் சந்தை மயிரிழை குறைவாக வைத்தேன். சனிக்கிழமை காலை சத்தம் வந்தது. அழுதேவிட்டேன்.

குளித்துவிட்டு வருவதற்குள் மச்சினன் அதை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். மாலையில் பல்லிளித்துக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, ஒரே கோணலா இருந்திச்சு. பிளேட்டுல ப்ளூ தடவி வெச்சுப் பாத்தேன், நுனில ஒட்டவேல்ல. தேச்சு நேர் பண்ணிக்கினு வந்துட்டேன். இப்ப பாரு, ப்ளூ முழுசா ஒட்டுது!"

நேர் பார்க்கும் இரும்புத் தட்டில் தடவிய நீல மை எல்லா இடத்திலும் ஒட்டினால் வேலை ஓகே. ஃபிட்டர்களுக்கு அதுதான் வேதம். பட்டையை வைத்துக் கட்டினேன். சந்து பூட்டுப் போட்டதுபோல் மூடிக்கொண்டது. ஒரு பொட்டுக் காற்று போகவில்லை.

"யாருடா உன்ன கேட்டது? படுபாவி!"

"நல்லதுக்குத்தானே செஞ்சான்" என்றாள் மனைவி.

நல்லதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் கோணிய நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தரும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டு "சரியாயிடும்" என்பார்கள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு "சரியாயிடும்" என்பார்கள்.

"கத்தாத மாமா. எவ்ளோ கோணல் வோணும்னு சொல்லு, திரும்பத் தேச்சுக்கலாம்" என்றான் மச்சினன். கண் மட்டும் மவுத்பீஸின் மேலேயே இருந்தது. இன்னும் ஒருமுறை தேய்க்கத்தான் அதில் ரப்பர் மிச்சம்.

அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினேன்.

"இந்தா, பாருடா. இவ்ளோ கோணல்."

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"வலிக்குதா மாமா?"

இரண்டு பேருமாக உட்கார்ந்து தேய்த்தோம். ஞாயிறன்று ஊதவும் ஊதினேன். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க அவனுக்கு என் மவுத்பீஸ் நாசமாக வேண்டியிருந்ததே!