கீற்றோன் போட்டி

மோதிரவிரலின் ஓரத்தில்தான் நபீஸா ஊசியை வைப்பார். நுனியில் குத்தினால் மறுநாள் வலை பொத்துகிறவருக்கும் ரொட்டி தட்டுகிறவருக்கும் வலிக்கும் என்பது அவர் எண்ணம். “கைய நல்லா உதறுங்க, நனஞ்ச கோழி உதறுற மாதிரி” என்பார். சிரிப்பு அடங்குமுன் இரத்தத்துளி வந்துவிடும்.

பல்கலைக்கழக ஆய்வொன்றின் களப்பணியாளர் அவர். நோன்பு மாதத்தில் நாள்தோறும் திருகோணமலையில் பஸ் ஏறிக் கிண்ணியாவுக்கு வருகிறார். பட்டினியில் முதியவர்களின் மூளை எதைக்கொண்டு இயங்குகிறது என்பதே ஆய்வு. “மூளை பெரிய தீனிக்காரன். சீனி குறைஞ்சா ஈரல் கொழுப்ப உருக்கி, கீற்றோன் எண்டு வேற சாப்பாடு அனுப்பும். மூளைக் கலங்கள் அத எரிச்சு வேல செய்யும்” என்று விளக்குவார். நண்பகலில் ஒரு குத்து, நோன்பு திறக்குமுன் இன்னொன்று. பிறகு, மூளையின் வேகத்தை அளக்க, சிறு பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் முதியவர் பொத்தானை அழுத்தவேண்டும். “ஊசி குத்தினா நோன்பு முறியுமா மிஸ்?” என்று கேட்காத வீடில்லை. “மௌலவிட்ட கேட்டுட்டுத்தான் வந்தனான்” என்பது ஆயத்தமாக இருக்கும் பதில்.

ஊரோ தன் பங்குக்கு வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டது: கீற்றோன் கூடியவரின் நோன்பே திறமான நோன்பு. உற்சாகமூட்டுவதற்காக நபீஸா கருவி காட்டும் இலக்கத்தை உரக்க வாசிக்கப்போய் வந்த வினை. “இது நோன்புட மார்க் இல்ல” என்று எத்தனை வீட்டில் சொன்னாலும், சலூன் வாசலில் போட்டி நிற்கவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அபூதாஹிரின் வீட்டில் அன்று மாலை முதலில் குத்தப்பட்டவர் அவருடைய மச்சான் லாபிர். நபீஸா வாசித்த கீற்றோன் இலக்கம் உயர்ந்திருந்தது. “பாத்தீங்களா? இது ஆம்பிளட நோன்பு!” என்று அவர் நெஞ்சைத் தட்டினார்.

அடுத்து அபூதாஹிர். சிறு வயதிலிருந்து ஒரு நோன்பும் விடாதவர் என்று பெயரெடுத்தவர். நண்பகலில் இருந்ததைவிட இப்போது சீனி நன்றாக ஏறியிருந்தது; கீற்றோன் இறங்கியிருந்தது. இடையில் எதையோ சாப்பிட்டிருக்கிறார். வாசித்தால், மனைவி ஜெஸீமாவுக்கும் மச்சானுக்கும் முன்னால் அவர் தலை நிமிராது. மாற்றி எழுதினால், ஆய்வு பொய்யாகும். அபூதாஹிர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நபீஸா உள்ளதை உள்ளபடி பதிந்து கருவியை அணைத்தார்.

“என்ன மிஸ், பேச்சக் காணல்ல? மச்சான்ட மூளையில சரக்கு தீந்து போச்சோ?” என்று லாபிர் சீண்டினார்.

“இனி ஒருத்தர்ட இலக்கமும் வாசிக்கமாட்டன். அது ஆய்வுட சட்டம்.”

“நேத்து இல்லாத சட்டமா?”

“நேத்தும் இருந்திச்சு. நான்தான் மறந்துபோனனான்.”

லாபிர் முணுமுணுத்தபடி, தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒழூச் செய்ய எழுந்துபோனார். நபீஸா பெட்டியை எடுக்கக் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “தல சுத்திச்சா?”

“ஓம் மகள். விழுந்திருவன் போல இருந்திச்சு.”

“நாளைக்கு நோன்பு பிடிக்க வேணாம், கிளினிக்குக்கு வாங்க. சொகமில்லாதவங்களுக்கு மார்க்கத்தில சலுகை இருக்கு.”

நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. ஜெஸீமா பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார். திரும்பி வந்திருந்த லாபிர் மென்றுகொண்டிருந்தார். அபூதாஹிரின் கை மட்டும் முழங்காலைவிட்டு அசையவில்லை. நபீஸாவும் நோன்பாளிதான், அவர் விரல்களுக்கிடையில் ஒரு பழம் இருந்தது. அபூதாஹிர் ஒன்றை எடுத்து வாயில் வைக்கும்வரை, நபீஸா தன் பழத்தை உயர்த்தவில்லை.