சும்மா கிடக்கிற நிலம்

போர்ச்சுகல் விசாவுக்கு எனக்குக் காகிதம் தயார் செய்து கொடுத்த சென்னைப் பெண்ணோடு முதல் நாளே சண்டை போட்டேன். "மேடம், உங்களுக்கு பாஸிவ் இன்கம் எவ்வளவு வருது?" என்று போனில் கேட்டாள். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். இங்கிலீஷ் தெரியாதவள் இல்லை. இருந்தாலும் அந்த வார்த்தை பிடிபடவில்லை. "தமிழ்ல சொல்லும்மா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்க சும்மா இருந்தாலும் வர்ற பணம் மேடம்" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் என்னைக்கும்மா சும்மா இருந்தேன்? பென்ஷன் சும்மாவா வருது?" என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை சாரி சொன்னது.

பிறகு பொறுமையாக விளக்கினாள். அந்த நாட்டுக்குப் போய் வேலை தேட மாட்டேன், என் சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் ஊரிலிருந்தே மாதாமாதம் பணம் வந்துவிடும் என்று காட்டினால் தங்க விடுவார்களாம். பென்ஷன், வாடகை, குத்தகை, இப்படி எதுவும் சரி. அதில் என் உழைப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் மகள் அங்கே கடலோரத்து ஊர் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கணவர் இறந்து நாலு வருடமாகக் கோவில்பட்டி வீட்டில் நான் ஒற்றையாகத்தான் இருந்தேன். "என் பேர்ல உன்னைக் கூப்பிட்டுக்கிடுதேன்மா" என்று மகள் எத்தனையோ தடவை சொன்னாள். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் தயவில் போய் மருமகன் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்க மாட்டேன், வந்தால் என் சொந்தக் காசில் வருவேன் என்று வீம்பு. அந்த வீம்பு இல்லாமல் இருந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

பென்ஷனையும், கோவில்பட்டி வீட்டை வாடகைக்கு விட்டால் வரும் பணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, அந்தச் சென்னைப் பெண் "இன்னும் ஒரு வருமானம் நிலையா இருந்தா நல்லது மேடம். நிலம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது.

கடம்பூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி நிலம், அதாவது வானம் பார்த்த பூமி. சாகும் முன்பே எனக்கு மூன்று, தம்பிக்கு மூன்று என்று எழுதி வைத்துவிட்டார். மேற்குப் பாதி எனக்கு வந்தது, அதுதான் ஆழமான கரிசல். தம்பிக்குக் கிடைத்த கிழக்குப் பாதி சரளை மண். அப்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் எங்கள் பக்கம் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குக் காகிதத்தில் பங்கு இருந்தாலும் அவள் போய் அதைக் கேட்பதில்லை. தம்பிதான் ஆறையும் சேர்த்து உழுவான், விதைப்பான். பதிலுக்கு வருடம் தவறாமல் பொங்கல்படி கொண்டுவருவான். பச்சரிசி, கரும்பு, மஞ்சள்குலை, காய்கறி எல்லாவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து என் வாசலில் இறக்குவான். எனக்குப் பிறந்த வீடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு வருடம்கூட அது நின்றதில்லை.

சோலார் கம்பெனிக்காரர்கள் ஊர்ப்பக்கம் நிலம் தேடி அலைகிறார்கள் என்று பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னதே தம்பிதான். "மேக்க மேக்க கம்பி வேலியக் கட்டிக்கிட்டே வாரானுவக்கா" என்றான். அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கம்பெனியின் ஆளைத் தேடிப் பிடித்து, வைகாசி மாதம் ஒரு நாள் நிலத்துக்கே கூட்டிப் போனேன்.

வைகாசியில் எங்கள் கரிசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மருந்துக்கும் ஒரு பச்சை இருக்காது. கால் போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கோடை மழைக்கு ஒரு உழவு ஓட்டிப் போட்டுவிட்டு, புரட்டாசி மழைக்குக் காத்திருப்பார்கள். மழை விழுந்ததும் உளுந்தோ பாசியோ மக்காச்சோளமோ விதைப்பார்கள். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்துவிடும். இது அந்த மண்ணில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா?

ஜீப்பைப் பார்த்துவிட்டு, தோளில் துண்டோடு தம்பி வேகமாக வந்தான். நான் சும்மா பார்க்க வந்திருப்பதாக நினைத்து, "என்னக்கா, போன் போட்டிருந்தா பஸ் ஸ்டாப்புக்கு வந்திருப்பம்லா" என்றான். அதற்குள் கம்பெனி ஆள், கையில் வைத்திருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "இது சும்மா கிடக்கிற நிலம்தானே மேடம்? விவசாயம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான்.

"ஆமா. சும்மாதான் கிடக்கு" என்றேன்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்துக் கையில் உடைத்துக்கொண்டு நின்றான். காகிதத்தில் தரிசு என்று எழுதினார்கள். 'இல்லைய்யா, இது வெள்ளாமை நிலம், மழைக்குக் காத்திருக்கு' என்று சொல்ல எனக்கு எத்தனை வினாடி ஆகியிருக்கும்? சொன்னால் தம்பியின் பயிர், தம்பியின் சம்மதம் என்று பேச்சு நீளும், என் விசா தள்ளிப் போகும். வாயை மூடிக்கொண்டேன். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவள் நான்.

மத்தியானம் தம்பி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் மனைவி பரிமாறினாள். கருவாட்டுக் குழம்பு. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். "ஏலே, விசாவுக்குக் குத்தகைக் காகிதம் ஒண்ணு வேணும்னு சொல்லுதாவ. என் பங்கைச் சோலாருக்கு எழுதிக் குடுக்கப் போறேன். வாற மாசம் ரிஜிஸ்டர்."

தம்பி வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "சரிக்கா" என்றான். இன்னொரு வாய் எடுத்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "கம்பி கட்ட எந்த மாசம் வருவாவ?"

"ஆவணிக்குள்ள முடிச்சிருவாவ."

அப்படியென்றால் அந்தப் புரட்டாசிக்கு விதைப்பு இல்லை. அதைத்தான் கேட்டிருக்கிறான். அவன் மனைவி ரசச் சட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள், நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. என் பங்கை நான் எழுதிக் கொடுக்கிறேன், இவளுக்கென்ன என்று. அந்தக் கோபத்தை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

பத்திர ஆபீஸில் சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். ஒரு சாட்சி தம்பி. நான்தான் வரச் சொன்னேன், வெளி ஆளை எதற்குத் தேடுவது என்று. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டான். கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தான். வெளியே வந்ததும், "வாக்கா, ஒரு டீயக் குடிச்சிட்டுப் போவோம்" என்று டீக்கும் அவனே காசு கொடுத்தான்.

விசா வந்தது. போனேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அங்கே நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு. வியர்க்காத காற்று. சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். மருமகனிடம் காப்பிப்பொடிக்குக்கூடக் கை நீட்டவேண்டியதில்லை. இதைத்தானே ஆசைப்பட்டேன் என்று நிமிர்ந்து நடந்தேன். புரட்டாசி பிறந்தபோதுதான் முதன்முதலாக விதைப்பு ஞாபகம் வந்தது. போனில் கோவில்பட்டி மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் நல்ல மழை காட்டியது. தம்பிக்குப் போன் போடக் கை வரவில்லை. அவனே போட்டான். "நல்ல மழைக்கா. நம்ம ஊரு கம்மாய்க்குத் தண்ணி வந்துட்டு" என்றான். சரளைப் பாதியில் என்ன விதைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

தை பிறந்தது. பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய் குடும்பம் என் கோவில்பட்டி வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் பாய் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, உங்க தம்பி வந்திருந்தாவ. கரும்பு, மஞ்சக்கொலை, அரிசின்னு எல்லாத்தையும் வாசல்ல இறக்கிட்டாவ. அக்கா இங்க இல்லியேன்னேன். அக்கா இல்லாட்டி என்ன, அக்கா வீடு இருக்குல்லான்னாவ. நான் இத என்ன செய்ய?"

"நீங்களே வச்சுக்கிடுங்க பாய். அவன் சாப்பிட்டானா?"

"ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கன்னு சொன்னேன். டூட்டிக்கு நேரமாயிட்டுன்னுட்டு கெளம்பிட்டாவ."

"டூட்டியா? என்ன டூட்டி?"

பாய் தயங்கினார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். சோலார்ல பேனல் தொடைக்கிற வேலைல்லா பாக்காவ. அந்தக் கம்பெனிச் சட்டையோடதான் வந்திருந்தாவ."

சும்மா இருந்தாலும் வருகிற பணம் என்று அந்தப் பெண் சொன்னாள், நானும் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். விடியக்காலம் எழுந்து என் தம்பி துடைத்துக் கொடுத்துத்தான் அந்தப் பணம் எனக்கு வந்துகொண்டிருந்தது. அவன் உழுத நிலத்தில், அவன் உடம்பில் கம்பெனிச் சட்டை. நான் பாவி. வேறு என்ன சொல்ல?

உடனே கூப்பிட்டுத் திட்டினேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. "அறிவிருக்காலே உனக்கு? ஒரு வார்த்தை சொன்னியா?" அவன் என்னைத்தான் சமாதானப்படுத்தினான். "வீட்டுக்குப் பக்கந்தானக்கா. சைக்கிள்ல போயிட்டு வந்துருதேன். மாசம் பொறந்தா சம்பளம் வந்துருது. மழைக்கு மானத்தப் பாத்துக்கிட்டு ஒக்கார வேண்டாம்லா."

அந்த மாதக் குத்தகைப் பணம் முழுவதையும் அவன் கணக்குக்கு அனுப்பினேன். மறுநாளே அப்படியே திரும்பி வந்துவிட்டது. பின்னாலேயே அவன் மனைவி பேசினாள். நான் ஊரை விட்டு வந்த பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. "வேண்டாம் மதினி. உங்க விசாவுக்குக் கணக்குல காட்டணும்லா? குறைஞ்சு போச்சுன்னா அவிய ஒங்களத் திருப்பி அனுப்பிருவாவ." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அன்றைக்கு ஒரு காரணமும் இல்லாமல் என் மகளைத் திட்டித் தீர்த்தேன்.

ஆனி மாதம் ஊருக்குப் போனேன். கடம்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்து, நேராக நிலத்துக்குத்தான் விடச் சொன்னேன். மேற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் பேனல்தான். என் பங்கு எது, அடுத்தவன் பங்கு எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரும்புக் கேட்டில் கையை வைத்தேன். உள்ளிருந்து தம்பி ஓடிவந்தான். கறுத்திருந்தான், முழங்கால் வரை ஈரம், கையில் நீளக் கம்பு வைத்த துடைப்பான்.

"உள்ள விட மாட்டாவக்கா. சூப்பர்வைசர் கடிதாசி கேப்பாரு" என்றான் சங்கடத்தோடு. "இடத்துக்காரின்னு சொல்லிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம்லே" என்றேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். பேத்தியைக் கேட்டான். என் முழங்கால் வலியைக் கேட்டான். அங்கே குளிர் தாங்குகிறதா என்று கேட்டான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏலே, அன்னைக்குச் சாப்பிடுதப்ப நான் கேட்டேம்லா, மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நான் விட்டிருப்பேன்."

அவன் உண்மையாகவே யோசித்தான். ஞாபகப்படுத்திப் பார்க்கிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கினான்.

"நீ எங்கக்கா கேட்ட? சொல்லத்தான செஞ்ச."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்ததைத் திருத்திச் சொன்னான், அவ்வளவுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சரி, இப்பக் கேக்கேன்லே. இந்த நெலத்த எழுதிக் குடுக்கட்டுமா?" என்றேன்.

தம்பி சிரித்துவிட்டான். "கிறுக்கா ஒனக்கு? குத்தகை முடிஞ்சதும் மறுபடி எழுதிக் குடுன்னு கம்பெனிக்காரன் வருவாம்லா, அப்பக் கேளு. மாட்டேன்னு சொல்லுதேன்."

உள்ளே விசில் அடித்தார்கள். வெயிலில் நிற்காதே, வீட்டுக்குப் போ, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் துடைப்பானைத் தூக்கிக்கொண்டு போனான். நானும் சிரித்துக்கொண்டேதான் ஆட்டோவில் ஏறினேன். பாதி வழியில்தான் கணக்குப் போட்டேன். குத்தகை இருபத்தெட்டு வருடம். எனக்கு அறுபத்தொன்று முடிந்துவிட்டது, தம்பிக்கு வருகிற ஆவணியோடு ஐம்பத்து நாலு.