பட்டாளத்து ஷெட்டும் பட்டுச் சாயமும்

தொழில் ஊக்குவிப்பு அலுவலர் என்றால், தான் ஒரு தொழிலும் செய்யாமல் மற்றவர்களைத் தொழில் செய்யச் சொல்லிச் சம்பளம் வாங்குபவர். எழுபதுகளின் கடைசியில் என்னை அந்த வேலைக்கு ஆரணியில் போட்டார்கள். சேவூரைத் தாண்டி, யுத்த காலத்தில் பட்டாளம் தங்கிவிட்டுப் போன முகாம் ஒன்று சும்மா கிடந்தது. அங்கிருந்த தகர ஷெட்டுகளைத் தொழிற்பேட்டையாக மாற்ற வேண்டும். அரசாங்க ஆபீஸில் மேசைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உட்கார்ந்து நொந்துபோனவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

சொந்தக் காலில் நில்லுங்கள்

முதல் காரியமாக ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம். மெட்ராஸிலிருந்து மேலதிகாரி வந்தார். "மாதச் சம்பளத்தை நம்பாதீர்கள், சொந்தக் காலில் நில்லுங்கள்" என்று இரண்டு மணி நேரம் முழங்கினார். கேட்டவர்கள் எல்லாரும் பட்டு நெசவாளர்கள். தாத்தா காலத்திலிருந்து சொந்தத் தறி. அன்றைக்கு எனக்காகத் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.

கடைசியில் காபி கொடுத்தோம். ஏகாம்பரம் என்ற நெசவாளர் காபியை ஆற்றிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கேலியே இல்லை, உண்மையான கவலையோடு கேட்டார்:

"இவ்ளோ நல்லா சொல்றாரே சார், அவரு ஏன் இன்னும் சம்பளத்துக்குப் போய்கினு இருக்காரு?"

காணாமல் போன சங்கு

முகாமை எங்களிடம் ஒப்படைக்க ராணுவ இலாகாவிலிருந்து ஒரு குமாஸ்தா பட்டியலோடு வந்தார். பட்டியலில் உள்ளது அத்தனையும் இருந்தால்தான் கையெழுத்து. கதவு இருந்தது, கிணறு இருந்தது, ஓட்டை வாளிகூட இருந்தது. 'அபாயச் சங்கு ஒன்று' மட்டும் இல்லை. அந்தச் சைரனைப் பொருத்தியிருந்த கம்பம் மொட்டையாக நின்றது. குமாஸ்தா பேனாவை மூடிவிட்டார்.

அந்தச் சங்குக்காக நான் எழுதாத ஆபீஸ் இல்லை. நான்கு மாதம் பேஜார். வாட்ச்மேன் முனுசாமி தினமும் என்னை ஒருமாதிரி பார்ப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "உனக்காவது தெரியுமாய்யா அது எங்கே போச்சுன்னு?" என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"இன்னா சார் நீங்க, ரைஸ் மில்லுல தினம் எட்டு மணிக்கு ஊதுதே, அத்தக் கேட்டுத்தான நீங்களே ஆபீஸுக்குக் கெளம்பறீங்க!"

பட்டியலில் இல்லாத பட்டு

'பொதுமக்கள் பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதி ஒருவழியாகச் சங்குக்கு முடிவு கட்டினோம். ஷெட்டுகள் கைக்கு வந்தன. முதலில் மனு கொடுத்தவர் சரோஜா அம்மாள். வீட்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டிப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுவந்தவர். கணவர் நெஞ்சுச் சளி முற்றிப் படுத்துவிட்டார். சாயத் தண்ணீர் தெருவில் ஓடுகிறது என்று அக்கம்பக்கத்தில் தகராறு. வீட்டின் சொந்தக்காரர் பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு ஷெட் கிடைக்காவிட்டால் தொழிலே போய்விடும்.

மனுவை மேலே அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. எங்கள் பேட்டைக்கு அனுமதித்த தொழில்களின் பட்டியலையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். மீன் வலை இருந்தது, படகுக்கான பலகை இருந்தது. கடல் எங்கே, ஆரணி எங்கே? பட்டு மட்டும் அதில் இல்லை. தலை குனிந்தபடி அதைச் சரோஜா அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"ஆரணிக்குப் பட்டு வாணாம்னு எழுதினவரு, அவரு வூட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எங்க எடுத்தாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்."

நெருப்புக்குத் தடை

பட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'நூலுக்கு நிறமேற்றும் ரசாயனக் கூடம்' என்று எழுதி அனுப்பினேன். ரசாயனம் என்றதும் மேலே மரியாதை வந்துவிட்டது. ஷெட் ஒதுக்கினார்கள். கீழே ஒரு நிபந்தனை: முன்பு வெடிமருந்து வைத்திருந்த இடமாதலால் நெருப்பு மூட்டக் கூடாது. அடுப்பில்லாமல் சாயம் எப்படிக் காய்ச்சுவது? கேட்டு எழுதினேன். பதில் வருவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. சரோஜா அம்மாள் அண்டாக்களை வண்டியில் ஏற்றி வந்து, என்னைக் கேட்காமலே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இரண்டு நாள் லீவு போட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே மேலதிகாரி பார்வையிட வந்துவிட்டார். மற்ற ஷெட்டுகளில் வௌவால்தான் குடியிருந்தது. ஒன்றில் மட்டும் புகை, நீராவி, கொடியில் சொட்டச் சொட்ட மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும். என் வேலை போச்சு என்று நின்றேன். அவரோ முகமெல்லாம் சிரிப்பாக அண்டா பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நெருப்புத் தடையை நீக்கிய உத்தரவு அந்தப் போட்டோவுக்குப் பிறகுதான் வந்தது. அன்றைக்குப் போகும்போது, "எங்க இலாகா உதவி எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டார். சரோஜா அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு பணிவாகத்தான் சொன்னார்:

"உங்க காயிதம் வந்து சேர்றதுக்குள்ள ஜல்தியா அடுப்பை மூட்டிட்டேங்க, அதனால பொழச்சிகினேன்."

அவரைப் பார்த்து மேலும் ஐந்து பேர் அங்கே தொழில் தொடங்கினார்கள். எட்டு வருஷ உத்தியோகத்தில் அவர்களுக்கு நான் செய்த பெரிய உபகாரம், சில நாட்கள் சரியான சமயத்தில் லீவு போட்டதுதான்.