நான் மட்டும் பார்த்த முகம்

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். யாராவது கேட்டால் நான் ஒன்று என்பேன். என் மனைவி ரெண்டு என்பாள். கேட்டவர்கள் குழம்பிப்போய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

மூத்தவள் வயிற்றில் வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். என் மனைவி தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற இடமொன்றில் வேலை பார்த்தாள். காலையில் எட்டு மணி பஸ்ஸில் போனால் சாயங்காலம் வருவாள். அவளுடைய அம்மா வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா இல்லை. ஒரே தம்பி, திருப்பூரில் வேலை. என் அம்மாவும் அப்பாவும் முன்னமே தவறிவிட்டதால், எனக்கும் அம்மா என்று இருந்தது என் அத்தைதான், அதாவது என் மாமியார்.

முதல் ஸ்கேனுக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். கறுப்புத் திரையில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு உருவம். அதன் நடுவில் ஏதோ மினுக் மினுக்கென்று துடித்தது. "அதான் இதயம்" என்றார் டாக்டரம்மா. அம்புட்டுச் சின்னதுக்குள் ஒரு இதயம் வேலை செய்யும் என்று அதற்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை. மில்லுக்குப் போய் மூன்று பேரிடம் சொன்னேன். சொல்லக்கூடாது, கண்ணு பட்டுவிடும் என்று அவள் பிறகு கோபித்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்னங்க, இன்னைக்கு அசைஞ்சுச்சு. மீன் வாலை ஆட்டுன மாதிரி இருந்துச்சு" என்றாள். அன்றிலிருந்து அவள் வயிற்றோடு பேச ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவாள்.

ஆறாம் மாதக் கடைசியில் கால் வீங்கியது. மெட்டி இறுக்கி, சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்காமல் இருக்குமா என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். பரிசோதனைக்குப் போனபோது நர்ஸம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

"பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு. நீர்லயும் லேசா உப்பு தெரியுது. இனிமே வாரா வாரம் வந்து காட்டணும். தலை வலிச்சாலோ, கண்ணு மங்குனாலோ, நெஞ்சுக்குழியில வலிச்சாலோ நாள் பாக்காம ஓடி வந்துரணும். சரியா?"

சரி என்று இருவரும் தலையாட்டிவிட்டு வந்தோம். ஒரு வாரம் போய்க் காட்டினோம். அடுத்த முறை போகவேண்டிய நாள், வளைகாப்புக்கு முந்தின நாளாக விழுந்தது. அவள் கேட்டாள், "நாளைக்குச் செக்கப்புக்குப் போகணும்லங்க?"

"வளைகாப்பு முடியட்டும். எப்படியும் உங்கம்மா வீட்டுக்குத்தான போற. அங்க வச்சுப் பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. போகாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அர்த்தம் அதுதான்.

வளைகாப்பன்று வாங்கி வைத்திருந்த வளையல் எதுவும் அவள் கைக்கு ஏறவில்லை. ஒருவர் கடைக்கு ஓடி அளவு பெரியதாக வாங்கி வந்தார். முகமும் உப்பியிருந்தது. "மொகத்துல எம்புட்டுக் களை பாருங்க" என்று வந்த பெண்கள் சொன்னார்கள். போட்டோவில் அவள் நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவள் அம்மா வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், நான் மில்லில் இருந்தபோது அத்தை போன் செய்தாள்.

"மாப்ள, செத்த வந்துட்டுப் போங்க. நேத்துலருந்து தலைய வலிக்குன்னா. சூடுன்னு நெனச்சு எண்ணெய் வச்சு விட்டேன். இப்ப கண்ணு முன்னால பூச்சி பறக்குங்கா. பயமா இருக்கு."

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், கையிலிருந்த பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடியும் சுற்றிப் பார்த்தார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் துடிப்பைத் தேடினார்கள். ஒரு இடத்தில் வைத்தார்கள், எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார்கள். கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது. என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். பிரஷர் ஏறியதில் நச்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட்டது. பிள்ளைக்கு ரத்தம் போகவில்லை. துடிப்பு நின்றுவிட்டது. "இப்ப தாயைக் காப்பாத்தணும். வலி வர மருந்து குடுக்கிறோம். சாதாரணப் பிரசவமாவே ஆகட்டும்" என்றார்.

உயிரில்லாத பிள்ளையையும் வலித்துத்தான் பெற வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவளிடம் டாக்டரே சொன்னார். அவள் அழவில்லை. "வெளிய எடுத்து ஏதாச்சும் ஊசி போட்டுப் பாருங்களேன் டாக்டர்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பிற்பகல் வரைக்கும் வலி. நானும் அத்தையும் வெளியே பெஞ்சில் இருந்தோம். அந்த ஒரு நாளில் அங்கே நாலைந்து பிள்ளைகள் பிறந்தன. ஒவ்வொரு தடவை உள்ளே அழுகைச் சத்தம் கேட்டபோதும், தெரிந்தும்கூட, நான் எழுந்து நின்றேன். மூன்று மணி சுமாருக்குக் கதவு திறந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் ஒரு வெள்ளைத் துணிச் சுருளோடு வந்தார்.

"பெண் பிள்ளை. ஒரு கிலோ நூறு கிராம் இருந்துச்சு" என்றார். பிறகு மெதுவாக, "அம்மாட்ட காட்டணுமா? அந்தப் பொண்ணு மயக்கத்துல இருக்கு. செத்த நேரத்துல தெளிஞ்சுரும்" என்று கேட்டார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் தலையை வேகமாக ஆட்டினாள். "வேண்டாம் மாப்ள. பாத்தா மனசுல நின்னுக்கிடும். பாக்கலன்னா சீக்கிரம் மறந்துருவா. நான் சொல்றதக் கேளுங்க."

"காட்ட வேண்டாம்" என்று நான் நர்ஸிடம் சொன்னேன்.

திருப்பூரிலிருந்து மைத்துனன் இன்னும் வந்து சேரவில்லை. தெரிந்த ஒருவர் பைக் ஓட்ட, நான் பின்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரையை ஒட்டி மயானம். குழி தோண்டுகிறவர் வேலையை முடித்துவிட்டு, "ஒருவாட்டி பாத்துக்கிறீகளா?" என்றார். அப்போதுதான் துணியை விலக்கினேன். பார்த்தேன். பிறகு அவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அவள் விழித்திருந்தாள். "பாத்தீகளா?" என்று கேட்டாள்.

"இல்ல. நானும் பாக்கல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பார்த்தேன் என்றால் எப்படி இருந்தது என்று கேட்பாள். அதைச் சொல்ல என்னிடம் அன்று தெம்பு இல்லை. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லை என்பது மார்புக்குத் தெரியவில்லை. ஜாக்கெட் நனைந்துகொண்டே இருந்தது. அத்தை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டினாள். மாத்திரை கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஏதாவது பிள்ளை அழுதால் இவள் இரண்டு கைகளாலும் மார்பை அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். அப்போதுகூட என்னைக் குறைசொல்லி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. செக்கப்புக்குப் போகணும்லங்க என்று தான் கேட்டதை அவள் மறந்திருக்க முடியாது.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானாள். இந்தத் தடவை மூன்றாம் மாதத்திலிருந்தே டாக்டர் பிரஷர் ஏறாமலிருக்கத் தினமும் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். வீட்டிலேயே பிரஷர் பார்க்கிற மிஷின் வாங்கினோம். காலையும் சாயங்காலமும் நான்தான் பட்டையைச் சுற்றுவேன். தையல் வேலையை விட்டுவிட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வளைகாப்பு வேண்டாம் என்று முதலிலேயே அத்தையிடம் சொல்லிவிட்டோம்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முதுகெலும்பு நன்றாக இருக்கிறது, இதயத்தில் நாலு அறையும் சரி, மூக்கு, உதடு எல்லாம் சரியாக இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தவள், திரும்பாமலேயே கேட்டாள்.

"அதுக்கு மூக்கு எப்படி இருந்துச்சு?"

"எதுக்கு?"

"நீங்க பாத்தீக. எனக்குத் தெரியும். பாக்காம நீங்க புதைச்சிருக்க மாட்டீக."

பஸ்ஸில் கூட்டம். அவள் காதருகே குனிந்தேன். "ஒன் மூக்குதான்" என்றேன்.

"பொறவு?"

"கண்ணு மூடியிருந்துச்சு. இமை முடியெல்லாம் இருந்துச்சு. தலையில கறுப்பா நெறைய முடி. விரல்ல நகம் இருந்துச்சு. தோள்ல மெல்லிசா பூனைமுடி மாதிரி இருந்துச்சு. உதடு நல்லாச் செவப்பு."

கன்னத்தில் ஒரு பக்கம் தோல் உரிந்திருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "ரெண்டு வருசமா நான் தெனமும் ஒரு மொகத்த நெனச்சு நெனச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒருநாள் உங்கள மாதிரி இருக்கும், ஒருநாள் எங்கம்மா மாதிரி இருக்கும். நீங்க பக்கத்துலயே படுத்திருந்தீக. சொல்லலயே."

வீட்டுக்கு வந்தும் பத்துப் பன்னிரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சோறு போடுவாள், பட்டை சுற்றக் கையை நீட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "என்னை அங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

பொம்பளைகள் மயானத்துக்குப் போவதில்லை. அதுவும் வயிற்றுப்பிள்ளைக்காரி. அத்தைக்குத் தெரிந்தால் வீட்டு வாசலில் படுத்துக்கொள்வாள். சொல்லாமல் போனோம். அங்கே போனபிறகு எனக்கு இடம் தெரியவில்லை. இரண்டு மழைக்காலம் போயிருந்தது. எங்கு பார்த்தாலும் வேலிக்கருவை. கரையிலிருந்து எத்தனை எட்டு வைத்தேன், வேம்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு இடத்தைக் காட்டி, "இங்கதான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

"தெரியல" என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளை போனபிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். செக்கப்பைத் தள்ளிப்போட்டதைப் பற்றியும் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வெயில் ஏறுது, வாங்க" என்றாள்.

எட்டாம் மாதக் கடைசியில் மறுபடியும் பிரஷர் ஏறியது. இந்தத் தடவை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் முதிர்வதற்கு ஊசி போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து ஆபரேஷன் செய்தார்கள். பெண். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு அத்தை தரையில் விழுந்து கும்பிட்டாள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி இப்போதும் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறாள்.

பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில், அத்தை கால்களை நீட்டிப்போட்டு அதன்மேல் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி பக்கத்தில் துண்டோடு இருந்தாள். நான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன். மயானத்துக்குப் போய்வந்ததை என் மனைவி அப்போதுதான் அம்மாவிடம் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அத்தை பிள்ளையின் கழுத்து மடிப்பைக் கழுவினாள்.

"ஒனக்கும் ஒந்தம்பிக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சுட்டி" என்றாள். "நெறமாசம். பையன்னாக. எங்கம்மா எனக்குக் காட்டல."

என் மனைவிக்கு அது தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. துண்டை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மறந்துட்டியாம்மா?"

"எங்க மறக்க?" என்றாள் அத்தை. "மறந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

பிள்ளை சிணுங்கியது. என் மனைவி துண்டை விரித்து வாங்கிக்கொண்டாள். அத்தை எழுந்திருக்காமல் ஈரத்தில் அப்படியே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அன்றைக்கு நாங்கள் மத்தியானச் சோறு சாப்பிட மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது.