சிவஞானம் அண்ணனும் பச்சைச் சட்டைக்காரர்களும்

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளான் அலுவலகத்தில் சிவஞானம் அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் இருக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மழை, பஸ் தாமதம் என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அண்ணன் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்வீட்டுப் பார்வதி அக்கா பேசினார். “அண்ணன் போயிட்டாருப்பா. ரொம்ப நேரமா கதவத் தட்டுனோம், தொறக்கல. தூக்கத்துலயே போயிருக்காரு.” அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே இன்னும் விளங்கவில்லை. “சனிக்கிழம மேட்ச் இருக்கே அக்கா” என்றேன். அழுதுகொண்டிருந்த அக்காவும் ஒரு கணம் நிறுத்திவிட்டு, “ஆமால்ல” என்றார்.

சிவஞானம் அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எங்கள் கப்பல் ஏஜென்சியிலும், பிரிக்பீல்ட்ஸ் கோயிலிலும், தண்டவாளத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடையிலும் அவரைப் பார்த்தவர்கள் அனைவரும் அவரை ‘ஆஸ்திரேலியா பந்து’ சிவஞானம் என்றே அறிவார்கள். இந்த ஊரில் வேறு யாருக்கும் பெயர்கூடத் தெரியாத ஓர் ஆட்டம். அதில் மெல்பர்னில் உள்ள ஒரு குழு. அதன் ஆங்கிலப் பெயரை நான் ஒருமுறைகூடச் சரியாக உச்சரித்ததில்லை. சட்டை பச்சை என்பதால் எங்களுக்கு அவர்கள் பச்சைச் சட்டைக்காரர்கள். அண்ணனுக்கு மட்டும் ‘நம்ம டீம்’.

அவருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த நிச்சயம் போய்விட்டது. நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்காவது ஏதாவது பிடிபடுகிறதா பாருங்கள்.

அவருடைய ஒரே மகன் குமார் மெல்பர்னுக்குப் படிக்கப் போய், படித்து முடித்து அங்கேயே வேலையும் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். அண்ணி உயிரோடு இருந்தவரை பேச்சு முழுவதும் அவருடையது. அண்ணன் பக்கத்தில் நின்று ‘உடம்பப் பாத்துக்கச் சொல்லு’ என்பதோடு சரி. அண்ணி போன பிறகு ரிசீவர் நேராக அண்ணன் கைக்கு வந்தது. அப்பாவும் மகனும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. பேச விஷயம்தான் இல்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான், அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். “எடுக்கவே பயமா இருக்குலா மாணிக்கம்” என்று ஒரு திங்கட்கிழமை என்னிடம் சொன்னார். “எப்ப வச்சிருவானோன்னு ஒரு பயம். வைக்காம அப்பிடியே நிக்கிறானேன்னு இன்னொரு பயம்.”

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான கேள்விகள் தீர்ந்துபோன நேரத்தில், குமார் ஏதோ ஒரு பந்தாட்டம் பார்க்கப் போனதாகவும் பச்சைச் சட்டைக் குழு ஜெயித்ததாகவும் சொல்லியிருக்கிறான். மறுநாள் அண்ணன் அலுவலகத்துக்கு வந்த நடையே வேறு மாதிரி இருந்தது. “பையனுக்கு அந்த கேம்னா பைத்தியமாம்லா. நாமளும் தெரிஞ்சு வச்சிக்கிட்டா பேசலாம்ல?” அந்த வாரமே சிற்றலை கேட்கும் ஒரு ரேடியோ வாங்கினார். சனிக்கிழமைகளில் ஆஸ்திரேலிய ஒலிபரப்பில் வர்ணனை வரும். அங்கே பிற்பகல் தொடங்கும் ஆட்டம் இங்கே நண்பகலுக்கு. எங்களுக்கு அரைநாள் வேலை. அலுவலகத்தில் முதல் பாதி மேசை இழுப்பறைக்குள் மெல்ல முனகும். கடைசிக் கட்டத்தையாவது கேட்க ரேடியோவோடு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு விரைவார்.

வீட்டில் ரேடியோவுக்குத் தனிப்பட்ட ஏற்பாடு. கீழே பின்புறம் எல்லோரும் துணி காயப்போடும் கொடிக்கம்பியோடு ஒரு ஒயரை இணைத்திருந்தார். கம்பி வெறுமையாக இருந்தால் மெல்பர்ன் தெளிவாகக் கேட்கும். ஈரத்துணி ஏறினால் குரல் கிணற்றுக்குள் போய்விடும். பார்வதி அக்கா தவறாமல் முக்கியமான கட்டத்தில் வாளியோடு வருவார். அண்ணன் ஜன்னல் வழியாகக் கத்துவார், “அக்கா, மேட்ச் முடியட்டும்லா!” அக்கா மேலே பார்த்து, “உங்க டீமுக்காக என் பிள்ளைங்க ஈர யூனிபார்ம் போட்டுப் போகணுமா?” என்பார். கடைசியில் சனிக்கிழமைத் துணியை வெள்ளிக்கிழமையே துவைப்பது என்று ஒப்பந்தம் ஆனது. போகப்போக அக்காவே வாசலில் நின்று, “இன்னிக்கு என்னா ஆச்சு?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஆட்டம் எங்களுக்குப் புரிந்ததா என்றால், இல்லை. வர்ணனையாளர் மூச்சுவிடாமல் பேசுவார், கூட்டம் கடல்போல் இரையும், நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பந்து வட்டமானது என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். பிறகு குமார் ஓர் ஆட்டத்தை வீடியோ கேசட்டில் பதிந்து அனுப்பினான். போட்டுப் பார்த்தால் பந்து மாங்கொட்டை மாதிரி நீண்டிருக்கிறது! ஓடுகிறவன் அதைத் தரையில் தட்டி எடுக்கிறான், கையில் வைத்துக் குத்தி அடுத்தவனுக்குக் கொடுக்கிறான், இன்னொருவன் எதிரியின் தோளில் முட்டிபோட்டு ஏறிப் பிடிக்கிறான். கோல் போடும் இடத்தில் நான்கு தூண்கள். நடுவில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர் அசையாமல் நிற்கிறார். அடிபட்டவர்களைப் பார்க்க வந்த டாக்டர் என்று நான் நினைத்தேன். கோல் விழுந்ததும் அவர் திடீரென்று இரண்டு விரலை நீட்டிவிட்டுக் கொடியை ஆட்டினார். அண்ணன் கேசட்டை நிறுத்தினார். பிறகு, “பந்து இப்பிடி இருக்கும்னு நமக்குத் தெரியாதுன்னு பையன்கிட்ட வாய விட்டுராத” என்றார்.

அந்த ஆட்டத்தில் அவருக்குப் பிடித்த ஒரு சட்டம் உண்டு. நடுவில் உள்ள இரண்டு தூண்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்துத் தூணுக்குள் போனாலும் ஒரு புள்ளி கொடுப்பார்கள். தவறியவனுக்கு எதற்குப் புள்ளி என்று நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சண்டை போடுவேன். “கிட்ட வந்தான்லா, அதுக்கு. வந்தவனச் சும்மா அனுப்ப மாட்டானுங்க” என்பார். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. இன்றும் படவில்லை.

அவர் குமாரின் பிரியத்துக்காகத்தான் இத்தனையும் செய்தார் என்பதற்கு நானே சாட்சி. ஒரு வருடம் பச்சைச் சட்டைக்காரர்கள் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். அந்தச் சனிக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அர்ச்சனைத் தட்டை நீட்டினார். குருக்கள் பெயர் கேட்டார். அண்ணன் குழுவின் பெயரைச் சொன்னார். குருக்கள் இன்னொரு முறை கேட்டார். அண்ணன் இன்னொரு முறை சொன்னார்.

“வெள்ளக்காரரா?” என்றார் குருக்கள்.

“டீம் சாமி. பதினெட்டுப் பேரு.”

“நட்சத்திரம்?”

இங்கேதான் அண்ணன் தடுமாறினார். பிறகு மெதுவாக, “பூரட்டாதி” என்றார். அது குமாரின் நட்சத்திரம் என்று எனக்குத் தெரியும். குருக்கள் பதினெட்டு வெள்ளைக்காரர்களையும் பூரட்டாதியில் சேர்த்து மந்திரம் சொல்லிவிட்டார். அன்று மதியம் அவர்கள் படுதோல்வி அடைந்தார்கள். அண்ணன் இலையில் போட்ட சோற்றைத் தொடவில்லை. கண் கலங்கியிருந்தது. விளையாட்டுதானே அண்ணே என்றேன். “நமக்கு என்னாலா? அவன் அங்க எப்பிடி ஒடஞ்சி போய் உக்காந்திருப்பானோ” என்றார்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. குமார் வேலை நிமித்தமாக எங்கோ பாலைவனப் பக்கம் போயிருந்தான். அந்த வருட ஆட்டப் பருவத்தில் பாதிக்கு மேல் போனே வரவில்லை. பேசவே வழியில்லாதபோது எதற்கு ஆட்டம் கேட்க வேண்டும்? அண்ணன் ஒரு சனிக்கிழமையைக்கூட விடவில்லை. நடுவரைத் திட்டினார், எழுந்து நின்று கைதட்டினார். யாருக்காக என்று கேட்டேன். “பழகிப் போச்சுலா” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பதில் அன்றே என்னைக் குழப்பியது.

குமார் புதன்கிழமை வந்து சேர்ந்தான். அவனுக்காகத்தான் காத்திருந்தோம். சடங்குகள் முடிந்து பெட்டியை மூடப்போகும் நேரத்தில், “ஒரு நிமிஷம்” என்று உள்ளே ஓடினான். அலமாரியிலிருந்து பச்சைக் கம்பளிக் கழுத்துத்துண்டை எடுத்து வந்தான். அவன் முன்பு மெல்பர்னிலிருந்து அனுப்பியது. கோலாலம்பூர் வெயிலில் அதைச் சுற்றிக்கொண்டு வியர்வை வழிய அண்ணன் ரேடியோ கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். ‘பாவம், குளுருக்கு அவன் போட்டுக்க வேண்டியத எனக்கு அனுப்பிட்டான்’ என்று சொல்லிக்கொண்டேதான் சுற்றிக்கொள்வார். குமார் அதை அவர் மார்பில் மடித்து வைத்தான். “அப்பாவுக்கு உயிர் இது” என்றான். உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தலையாட்டினேன்.

தகனம் முடிந்த மறுநாள் மாலை, அண்ணன் வீட்டில் நாங்கள் இருவரும் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். குமார் அந்த ஒயரைத் தடவிக்கொண்டே சொன்னான்.

“அங்கிள், நான் அந்த கேம் ஒரே ஒரு தடவதான் பாக்கப் போனேன். ரூம்மேட் இழுத்துட்டுப் போனான். செம மழ. பாதியிலயே வந்துட்டேன். எனக்கு அது சுத்தமா புடிக்கல.”

நான் அவனையே பார்த்தேன்.

“அன்னிக்கு போன்ல சொல்ல வேற ஒண்ணும் இல்ல, அதான் சொன்னேன். அடுத்த வாரம் அப்பா எடுத்தவுடனே, ‘நம்ம டீம் ஜெயிச்சிருச்சே!’ன்னாரு. அவரு அவ்ளோ சந்தோஷமாப் பேசி நான் கேட்டதே இல்ல அங்கிள். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழம பேப்பர் வாங்கி, ஸ்கோர்லாம் படிச்சிட்டுத்தான் போன் பண்ணுவேன். இத்தன வருஷம்.” சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. “அப்பாவுக்கு எப்பிடி அங்கிள் இந்த கேம் மேல இவ்ளோ ஆச வந்துச்சு?”

வாயைத் திறந்தேன். உனக்காகத்தான் என்று சொன்னால் இத்தனை வருடம் அவன் படித்த செய்தித்தாள்கள் என்னாவது? சொல்லாமல் விட்டால் அண்ணன் சுமந்த அந்தக் கம்பளித்துண்டு என்னாவது? அதுவும் போக, அந்தப் பாலைவனப் பருவத்தில் எழுந்து நின்று கைதட்டிய மனிதர் யாருக்காகத் தட்டினார்? எது உண்மை என்று எனக்கே தெரியாதபோது எதைச் சொல்ல? “தெரியலப்பா” என்றேன். மனமறிந்து சொன்ன பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. குமாருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன். அண்ணனைத் தெரிந்த நீங்கள் யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். சொல்வதுதான் நல்லது என்று நினைப்பவர்கள் முதலில் என்னிடம் வாருங்கள், நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மெல்பர்னுக்குத் திரும்பும்போது குமார் ரேடியோவை என் கையில் கொடுத்தான். “நீங்க வச்சுக்குங்க அங்கிள். நீங்களும் ஃபேன்தானே.” இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணனிடமிருந்து எனக்கு வந்தது அதுதான், அதோடு சேர்ந்து சனிக்கிழமையும் வந்துவிட்டது. சென்ற வாரம் என் வீட்டுக் கொடிக்கம்பியில் ஒயரை மாட்டிவிட்டு, காய்ந்துகொண்டிருந்த துணியை எடுக்கச் சொன்னேன். என் மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எடுத்தாள். பச்சைச் சட்டைக்காரர்கள் தோற்றார்கள். குறி தவறி அவர்கள் ஒவ்வொரு புள்ளியாக வாங்கியபோது, கிட்ட வந்தான்லா என்று என் வாய் தானாகச் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை போன் அடித்தது.

“அங்கிள், சாப்டீங்களா?”

“சாப்டேன்பா. அங்க குளிரா?”

“குளிர்தான்.”

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.

“நம்ம டீம் கோட்ட விட்டுருச்சேப்பா” என்றேன்.

“ஆமா அங்கிள்! கடைசி குவார்ட்டர்ல...” என்று குமார் உற்சாகமாக ஆரம்பித்தான். அவன் பேசும்போது நடுவே செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நானும் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்ததைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, அடுத்த சனிக்கிழமை யாரோடு ஆட்டம் என்று அவனுக்குச் சொன்னேன்.