பீப்பாய் மூச்சுப் பட்ட சுவர்

நான் இருக்கும் வீட்டின் வெளிச்சுவர் தானாகக் கறுக்கிறது. அடுப்புப் புகையும் இல்லை, மழைப் பாசியும் இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் வெளுக்கும். கொஞ்ச காலத்தில் மறுபடி கரி பூசினாற்போல் ஆகிவிடும். தெரு மரங்கள்கூட அப்படித்தான் நிற்கின்றன. அக்கம்பக்கத்தார் கண்டுகொள்வதில்லை. எனக்கு மனசு கேட்பதில்லை. பாபநாசத்துப் பக்கம் தனியாளாக நிலத்தையும் வீட்டையும் கட்டிக் காத்தவள் நான். என் வீட்டுச் சுவரை அழுக்காக யாரும் பார்த்ததில்லை.

இது அமெரிக்காவில் கென்டக்கி. என் மகள் மலருக்கு இங்கே போர்பன் கம்பெனியில் வேலை. போர்பன் என்றால் சாராயம்தான். பெயர் மாறினால் சரக்கு மாறிவிடுமா? எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது என்று முகர்ந்து, நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுச் சொல்வது அவள் வேலை. பக்கத்தில் உள்ள அவர்கள் கிடங்கில் வருஷக்கணக்காகக் கிடக்கும் பீப்பாய்களிலிருந்து கசியும் ஆவியைத் தின்று ஒரு பூஞ்சை வளர்கிறதாம். சுவரில் இருப்பது அதுதான்.

என் தம்பி மனைவி சாவித்திரி ஒருநாள் வீடியோவில் பார்த்துவிட்டாள்.

“என்ன அண்ணி, செவுரு கரி அடுப்பாட்டம் கெடக்கு? அமெரிக்காவுலயுமா வெறகு எரிக்கிறீங்க?”

“பக்கத்துல சோளம் வேக வைக்கிற கம்பெனிடி. மலருக்கும் அங்கதான் வேலை.”

சோளம் வேகிறது உண்மை. மீதியை விழுங்கிவிட்டேன்.

என் தம்பி குடித்தே செத்தான். மலரைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். குறுவை நடவு நேரத்தில் வாய்க்கால் கரையில் விழுந்து கிடந்தவனை நானும் சாவித்திரியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித் தூக்கி வந்திருக்கிறோம். நாற்றின் பச்சை வாசனையோடு அந்த நெடியும் என் மூக்கில் தங்கிவிட்டது. விடுவான், மறுபடி தொடுவான்.

கம்பெனியில் குடும்பத்தாரை அழைத்துக் காட்டிய நாளில் மலர் என்னையும் கூட்டிப் போனாள். சோளம் இறக்கும் கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன். தானியம் கிடக்கும் இடத்தில் செருப்போடு ஏறிப் பழக்கமில்லை. அங்கிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் எனக்குக் கால்வலி என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் கும்பிட்டேன். அவர் இன்னொரு நாற்காலியும் கொண்டுவந்தார்.

“தண்ணியும் ஒண்ணு, சோளமும் ஒண்ணுன்னா ருசி எப்படிடி மாறும்?” என்று கேட்டேன்.

“பாதிக்கு மேல சோளம் இருக்கணும்மா, அது சட்டம். மீதியிலதான் சூட்சுமம். ரைன்னு ஒரு தானியம் சேத்தா மிளகாட்டம் உறைக்கும். கோதுமை சேத்தா மெத்துனு இருக்கும்.”

நாம் உறைமோர் வைத்துக்கொள்வதுபோல ஒவ்வொரு கம்பெனியும் தன் ஈஸ்ட்டைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறதாம். பீப்பாய் புது ஓக் மரம். உள்ளே தீ வைத்துக் கருக்குவார்கள். கிடங்கின் மேல்தட்டில் வெக்கையில் சாராயம் மரத்துக்குள் ஏறும், குளிரில் திரும்பி வரும்; கீழ்த்தட்டில் நிதானமாக ஊறும். ஒரே நாளில் ஊற்றிய இரண்டு பீப்பாய்கள் வேறு வேறு குணத்தோடு வந்து நிற்கும் என்றாள். ஒரே வயிற்றில் பிறந்த என்னையும் தம்பியையும் நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை போர்பன் ஊறிய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற்றக் கூடாதாம். கப்பலேற்றி வேறு தேசத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எதை ஊற்றினாலும் பழைய வாசனையைக் கொஞ்சம் விட்டுக்கொண்டே இருக்குமாம்.

இரண்டு கிண்ணங்களை நீட்டினாள்.

“நாக்குல வச்சுப் பாரும்மா.”

“சீ, போடி.”

முகர்ந்து மட்டும் பார்த்தேன். ஒன்றில் வெல்லப்பாகு, மற்றதில் மிளகும் சுட்ட மரமும். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்றுதான் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சாவித்திரி வீடியோவில் அழைத்தாள். அவள் மகன் கதிர் உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டான்.

“அண்ணி, அந்தச் சோளக் கம்பெனியில நம்ம கதிருக்கும் ஒரு எடம் பாத்துக் குடுங்க. ஒங்க கண்ணு முன்னால இருந்தா அவங்கப்பா மாதிரி ஆவமாட்டான்.”

பொய் சொன்னாள் என்று என்னை ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை இனிமேல் எதற்கு? இன்னும் மறைத்தால் பிள்ளையே இங்கே வந்து நிற்பான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“செவுத்தக் காட்டுங்க” என்றாள் சாவித்திரி. காட்டினேன்.

“தேச்சாப் போவலையா அண்ணி?”

“போவுதுடி. திரும்ப வந்துடுது.”

“கதிரு அங்க வேணாம்” என்றாள். பிறகு, “மலரு நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்தச் சொல்லில் மனசு எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரஷ்ஷை மறுபடி கையில் எடுக்கத் தோன்றவில்லை. பாதி வெளுத்து, பாதி கறுத்தபடி அந்தச் சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது. மலர் வேலைக்குப் போகும்போது வெளுத்த பக்கம் நின்று கையசைக்கிறேன். சாவித்திரி அழைத்தால், கறுத்த பக்கம் போய் நின்று பேசுகிறேன்.